சயான் கல் கொலைகள்: படிக்கப் படிக்க எழுதியது

ஜூன் 4

பம்பாயில் சயான், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடைபாதையில் தனியாகத் தூங்கியவர்களை 1985-லிருந்து தலையில் கல்லைப் போட்டுக் கொன்ற வழக்கைப் படிக்கிறேன். சுமார் இரண்டு வருஷத்தில் 12 பேர். முப்பது கிலோ வரை எடையுள்ள கல். இன்றுவரை யார் என்று தெரியாது.

எல்லாம் ஒரே கைவரிசையாக இருக்கலாம் என்ற எண்ணம் போலீசுக்கு வந்ததே ஆறாவது கொலை வாக்கில்தான். திட்டத் தோன்றுகிறது. ஆனால் ஒரு கொலையை எங்கே தொடங்கி விசாரிப்பார்கள்? செத்தவர் யார், யாரோடு பகை, கடைசியாக யார் பார்த்தது. இங்கே பெரும்பாலும் முதல் கேள்விக்கே பதில் இல்லை. உடலைக் கேட்டு வர ஆளில்லை. பணத்துக்காக என்று சொல்லவும் முடியாது, அவர்களிடம் என்ன இருந்தது? கல் தெருவிலேயே கிடப்பது, எங்கே வாங்கினான் என்று தேட முடியாது. சொரசொரப்பான கல்லில் கைரேகையும் ஒழுங்காக விழாது. டிஎன்ஏவா? கொலை வழக்கில் அது முதலில் பயன்பட்டதே 1986-ல், அதுவும் இங்கிலாந்தில்.

ஜூன் 5

தாராவியில் இட்லிக்கடை அண்ணாச்சியிடம் இதைப் பேசியிருக்கக் கூடாது. "அது ராமன் ராகவ் வேலைப்பா" என்று முடித்துவிட்டார்.

"அண்ணாச்சி, அவன் அறுபதுகள்ல இதே ஊர்ல தெருவுல தூங்கினவங்களைக் கொன்னவன், 1968-லேயே பிடிச்சாச்சு. இது நடக்கும்போது எரவாடா ஜெயில்ல இருந்தான். மனநோய்னு சொல்லி 1987-ல் ஹைகோர்ட் தூக்கை ஆயுளாக்குச்சு. வெளிய விடலை."

"உள்ள இருந்தா என்ன? ஆள் வச்சிருப்பான்."

யாரோடும் ஒட்டாமல் திரிந்தவனுக்கு ஆள் எங்கிருந்து வரும்? நம்ம திருநெல்வேலி ஜில்லாக்காரன் என்று ஏற்கனவே எழுதிவைத்திருக்கிறார்கள், செய்யாததையும் அவன் கணக்கில் ஏற்றாதீங்க என்றேன். சட்னி வரவில்லை.

ஜூன் 9

கல்கத்தா கொலைகளைப் படிக்க வந்துவிட்டேன். 1989-ல் ஆறு மாதத்தில் 13 பேர், அதே முறை. அங்கேயும் குற்றவாளி கிடைக்கவில்லை. பம்பாயில் நின்ற பிறகு அங்கே தொடங்கியதால், அதே ஆள் ரயிலேறிப் போனான் என்பது பலருக்கும் பிடித்த ஊகம். கால வரிசை பொருந்துகிறது, மறுக்கவில்லை.

ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. கத்தி என்றால் காயத்தின் அளவை ஒப்பிடலாம். கல்லில் ஒப்பிட என்ன இருக்கிறது? பம்பாய்ச் செய்தியைப் படித்த எவனும் செய்திருக்கலாம்.

இன்னொரு ஊகம்: ஒருவனே அல்ல, பலர். ஒரு தொடர்கொலைகாரன் இருக்கிறான் என்று ஊர் நம்பிவிட்டால், குடிபோதைச் சண்டையில் மண்டை உடைந்து செத்தவரும் அதே கணக்கில் சேர்ந்துவிடலாம். 12-ம் 13-ம் உண்மையிலேயே 12-ம் 13-ம்தானா என்ற சந்தேகம் எனக்கு இதனால்தான்.

ஜூன் 12

2006-07-ல் இதே பம்பாயில் மரைன் லைன்ஸ், சர்ச்கேட் பக்கம் நடந்த 'பீர் மேன்' கொலைகளையும் புரட்டினேன். பிணத்தருகே பீர் பாட்டில். ஒருவரைப் பிடித்தார்கள், ஒரு வழக்கில் தண்டனையும் ஆனது, 2009-ல் ஹைகோர்ட் விடுவித்துவிட்டது. சயான் வழக்கில் அப்படி யார் தலையிலும் கட்டாமல் விட்டார்களே, அதுவரைக்கும் சரி.

ஜூன் 15

ஒரு வெயிட்டர் தப்பித்திருக்கிறார். அவருக்கும் தங்க இடமில்லை, சயானில் வெளியே தூங்கியவர். வெளிச்சம் போதாததால் தாக்கியவனைச் சரியாகப் பார்க்கவில்லை. இத்தனை ஊகங்களுக்கு நடுவே உயிரோடு கிடைத்த ஒரே சாட்சி அவர்தான், அவருக்கும் இருட்டில் முகம் தெரியாமல் போய்விட்டது.

அண்ணாச்சி இன்று தானாகவே பேசினார். ஊரிலிருந்து வந்த புதிதில் அவரும் கடைவாசலில்தான் படுப்பாராம். கொலைப் பேச்சு கிளம்பியதும் நாலைந்து பேராகச் சேர்ந்து படுத்து, முறைவைத்து ஒருத்தர் முழித்திருந்தார்களாம். யார் எங்கே தனியாகப் படுப்பார்கள் என்று வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும், பக்கத்திலேயே திரிந்தவன்தான் என்றார். என் எண்ணமும் அதேதான்: பம்பாயில் செய்தவன் உள்ளூர்க்காரன், கல்கத்தாவில் செய்தவன் வேறு ஆள்.

"அப்போ ராமன் ராகவ் இல்லைனு ஒத்துக்கிறீங்களா அண்ணாச்சி?"

"அவன் வச்ச ஆள் உள்ளூர்க்காரனா இருக்கக் கூடாதா?"