கல்யாணமாகாமல் தாயானேன், கூட நின்றவர்கள் ஆலைக்காரர்கள்

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு மகள் இருக்கிறாள், தத்தெடுத்த மகள். மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் தராசுக் கிராணியாக, அதாவது எடை போடும் எழுத்தராக, வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று எப்போதோ மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. தனியாளாக எப்படிச் சமாளித்தாய் என்று கேட்கிறார்கள். நான் தனியாளாக இருந்ததே இல்லை, ஆலையில் கூட வேலை பார்க்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெட்டிய பழக்குலையை 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைத்துவிட வேண்டும், நாள் கடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அதனால் காய்ப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களில் ராத்திரி பகல் என்று பார்க்காமல் லாரிகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் பாரத்தோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். தராசில் ஆள் இல்லையென்றால் ஆலையே நிற்கும். ஒருத்தி லீவு எடுத்தால் அந்தச் சுமை அப்படியே இன்னொருத்தியின் தலையில்தான் விழும். ஆகவே என் சக ஊழியர்கள் செய்த உதவியெல்லாம் அவர்களுடைய தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது.

பிள்ளை வேண்டும் என்று நான் முதலில் வாய்விட்டுச் சொன்னது தராசு அறையில் என்னோடு வேலை பார்க்கும் அக்காவிடம். அவர் சிரிக்கவுமில்லை, கல்யாணம் பண்ணிக்கொள்ளேன் என்று புத்தி சொல்லவுமில்லை. "சரி, சட்டப்படி எடு. காசு கேட்கிறவன் வீட்டு வாசலைக்கூட மிதிக்காதே" என்றார். கைக்குழந்தைக்கு விலை பேசும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளையைக் கொடுப்பதற்கோ வாங்குவதற்கோ காசு கைமாறினால் சட்டம் ஏற்காது. பிற்பாடு அந்தப் பிள்ளையின் பிறப்புப் பத்திரம், குடியுரிமை எல்லாமே சிக்கலாகிவிடும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அழுது பிரயோஜனமில்லை. என் மகளைப் பெற்ற பெண்ணைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை, அது அவளுக்குச் சொந்தமான கதை.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1952ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் வழியாகப் போக வேண்டும். கல்யாணமாகாத பெண்ணும் விண்ணப்பிக்கலாம். சொந்தம் இல்லாத பிள்ளை என்றால் நமக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், பிள்ளைக்கும் நமக்கும் குறைந்தது 21 வயது வித்தியாசம் இருக்க வேண்டும். உத்தரவு கிடைப்பதற்கு முன் பிள்ளை தொடர்ந்து மூன்று மாதமாவது நம் பராமரிப்பில் இருந்தாக வேண்டும், சமூக நல இலாகாவுக்கும் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் வக்கீல் சொல்லிவிடுவார். அந்த மாதங்களில் வேலைக்கும் போய்க்கொண்டு பிள்ளையையும் பார்ப்பது எப்படி என்பதை எந்த வக்கீலும் சொல்ல மாட்டார்.

2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது, அப்பாவுக்கும் 7 நாள் உண்டு. நல்ல காரியம், மனசார வரவேற்கிறேன். ஆனால் அது வயிற்றில் சுமந்து பெற்றவளுக்கு மட்டும்தான். விடுப்புப் படிவத்தில் பிரசவத் தேதி கேட்டார்கள், என்னிடம் அது இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கேட்டு அழும் பிள்ளைக்குத் தன்னைப் பெற்றவள் யார், எடுத்தவள் யார் என்று தெரியுமா? அதே வேலைச் சட்டத் திருத்தத்தில் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம் என்று ஒரு பிரிவு வந்தது. கேட்டேன். முதலாளி பதில் சொல்ல 60 நாள் அவகாசம். பிள்ளை அதுவரை காத்திருக்குமா?

அந்த இடைவெளியை அக்காதான் அடைத்தார். என் ராத்திரி ஷிப்டுகளைத் தன் பெயருக்கு மாற்றி, அவருடைய பகல் ஷிப்டுகளை எனக்குக் கொடுத்தார். அவருக்கு முடியாத நாட்களில் லேப்பில் வேலை பார்க்கும் தங்கச்சி வந்து சீட்டு எழுதினாள். பாய்லர் அண்ணன் தன் பேரனுடைய தொட்டில் கம்பியையும் ஸ்பிரிங்கையும் கழற்றிக்கொண்டு வந்து என் வீட்டு உத்தரத்தில் மாட்டிவிட்டுப் போனார். பிள்ளை பெற்றவள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் பூண்டுக் குழம்பும் கருவாடும் கொண்டு வருவார்கள், என் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று இருந்தேன். என் கூடப்பிறந்த அண்ணன் ஏற்கெனவே என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். ஒரு சாயங்காலம் அக்கா தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். "பெத்தவளும் தூங்க மாட்டா, எடுத்தவளும் தூங்க மாட்டா, சாப்பிடு" என்றார். சாப்பிட்டுக்கொண்டே அழுதேன்.

வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது ஆயா பாட்டி. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பல வருஷம் எல்லோர் பிள்ளைகளையும் வளர்த்தவர். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து, லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடும்பங்கள் குறைந்து, கொட்டகையையும் மூடிவிட்டார்கள். பாட்டி பிறப்பால் சீனர். அந்தக் காலத்தில் வறுமையில் இருந்த சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்தது மலாயாவில் பரவலாக நடந்தது. அப்படி வந்து, சேலை கட்டி, தமிழ் பேசி, மாரியம்மனுக்குத் தீச்சட்டி ஏந்தி வளர்ந்த பெண்கள் எத்தனையோ தோட்டங்களில் இருந்தார்கள். 1917இல் நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கம்தான், அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் பாட்டியும் வளர்ந்தார். ஊர் வாய்க்குப் பயந்து நான் தயங்கிய ஒரு நாள் அவர் சொன்னார்: "என்னை எங்கம்மா எடுத்தப்போ ஒரு பேப்பரும் கிடையாது. மார்ல போட்டு வளர்த்தாங்க. உனக்குக் கோர்ட்டே பேப்பர் கொடுக்கப்போவுது, அப்புறம் என்ன பயம்?" தத்துப் பிள்ளை நம் தோட்டங்களுக்குப் புதுசே இல்லை. ஊருக்கு உறுத்தியது என் கழுத்தில் தாலி இல்லாததுதான்.

சமூக நல அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தபோது, நீ வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்றுதான் முதலில் கேட்டார். பாட்டி உள்ளேயிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அக்கா ஷிப்டு அட்டவணையையே எடுத்துக் காட்டினார். ஷா ஆலம் நீதிமன்றத்தில் உத்தரவு கிடைத்த அன்று இரண்டு பேரும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது ஆபீசில் இன்னொரு பெண் தத்தெடுக்கப் பதிந்திருக்கிறாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்காவது ஷிப்டைக் கடன் வாங்கும் நிலை வரக்கூடாது. தோட்ட ஊழியர் சங்கம் முதலாளிகள் சங்கத்தோடு பேசிப் போடும் அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் தத்தெடுப்பு விடுப்பைச் சேர்க்கச் சொல்லி நானும் அக்காவும் கிளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். லேப் தங்கச்சியும் பாய்லர் அண்ணனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் நான்தான் பேசப் போகிறேன்.