1806-ஐ 1808 என்று படித்தவன் சொல்கிறேன்

ரயில்வே வேலைக்கான என்.டி.பி.சி. தேர்வுக்கு முதல் தடவை படித்தபோது, வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு 1808 என்றே என் நோட்டில் இருந்தது. மாதிரித் தேர்வில் தப்பானதும் பாடநூல் பி.டி.எஃப்-ஐத் திரும்பத் திறந்து, மூக்கு திரையில் இடிக்கப் பார்த்தேன். 1806தான். ஆறின் வளைவு மங்கி எட்டாகத் தெரிந்திருக்கிறது. அதுவரை ஞாபக சக்தி குறைவு என்று வல்லாரை தின்றுகொண்டிருந்தேன். திரையில் எழுத்து தெளிவாகத் தெரிய என்ன செய்யலாம் என்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில் இருந்தது செகண்ட் ஹேண்ட் லேப்டாப். விற்றவர் "எழுத்து நல்லா பெருசாத் தெரியும் தம்பி" என்று ரெசல்யூஷனை, அதாவது திரையில் காட்டும் புள்ளிகளின் கணக்கை, 1024-க்கு 768 ஆகக் குறைத்துக் கொடுத்திருந்தார். பெரிதாகத்தான் தெரிந்தது, கலங்கல் தண்ணீருக்குள் கிடப்பதுபோல. காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தத் திரையில் இருப்பது 1366-க்கு 768 புள்ளிகள். அது மாறாது. வேறு கணக்கைக் கொடுத்தால், ஒரு புள்ளிக்கு வர வேண்டியதைப் பக்கத்துப் புள்ளிக்கும் பிரித்துப் பூசுகிறது, ஓரமெல்லாம் மங்கிவிடுகிறது. ஆகவே ரெசல்யூஷனில் கை வைக்காதீர்கள். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் 'ரெகமெண்டட்' என்று போட்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலே இருக்கும், எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலை 125 சதவீதமாக்குங்கள்.

தமிழில் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மெய்யெழுத்தின் புள்ளி சின்னது. ண, ன சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஓலை கிழியும் என்று அந்தக் காலத்தில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். நமக்கு முதல் கட்டத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்வி, ஒன்றுக்கு 54 விநாடி. இடம் பார்க்க ஏது நேரம்?

அடுத்தது கிளியர்டைப். திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டு. அந்தத் துண்டுகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கி எழுத்தின் ஓரத்தைச் சீராக்கும் வித்தை இது. மைக்ரோசாஃப்ட் 1998-இல் அறிவித்தது. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும். மாதிரி எழுத்துகளைக் காட்டி எது தெளிவு என்று கேட்கும். வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்த பழைய வினாத்தாளுக்கு இது உதவாது, அது வெறும் படம். கன்ட்ரோலையும் பிளஸ்ஸையும் அழுத்திப் பெரிதாக்கலாம், ஆனால் வரி திரைக்குள் அடங்கும் அளவோடு நிறுத்துங்கள். இடமும் வலமும் இழுத்துக்கொண்டே படித்தால் பாதி வரியிலேயே கேள்வி மறந்துபோகும்.

அப்புறம் நம்ம ஊர்ச் சங்கதி, உப்பு. கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் திரைமேல் படலம் கட்டிவிடும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, லேசாக ஈரம் காட்டிய மெத்தென்ற துணியால் துடைக்க வேண்டும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் மணலில் பட்டு வரும் வெயில் திரையை வெளுக்கடித்துவிடும். கறுப்புப் பின்னணியில் எழுத்தைக் காட்டும் டார்க் மோடு பகலில் எனக்குச் சரிப்படவில்லை. என் முகமும் கொடியில் காயும் சட்டையும்தான் தெரிந்தன.

20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். நமக்கென்ன, வாசலில் நின்றால் கடல். மீன்பிடித் தடைக்காலத்தில் வரிசையாக நிற்கும் விசைப்படகுகளின் நம்பரைப் படித்துப் பார்ப்பேன். ஒருநாள் அதுவும் மங்கலாகத் தெரிந்தது. கண் டாக்டரிடம் போனேன், கண்ணாடி வந்தது. இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

தேர்வும் கணினியில்தான், ஆனால் மையத்தில் இதில் எதையும் மாற்ற விடமாட்டார்கள். அதனால் கடைசி இரண்டு வாரம் நெட் சென்டரில் சாதாரண மானிட்டரில் மாதிரித் தேர்வு எழுதிப் பழகினேன். முதல் தடவை மதுரையில் எனக்கு வாய்த்த மானிட்டர் ஒரே மங்கல். கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிட்டேன். இரண்டாம் தடவையும் அப்படியே ஒன்று. கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே கையைத் தூக்கினேன். பக்கத்து வரிசையில் இடம் மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.