செடிகளைத் தேடிய ரபி

ஜூலை 19, இம்மானுவேல் லோவ் மறைந்த நாள். ஹங்கேரியின் செகெட் நகரத்து ரபி, அதாவது யூத மதகுரு. 1881லேயே பழைய மத்திய கிழக்கு மொழியான அரமேயத்தில் உள்ள செடிப் பெயர்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டவர். பைபிளிலும் யூதர்களின் சட்ட நூலான தல்மூதிலும் வருகிற செடிகொடிகள் எவை என்று தேடித் தேடி, அப்புறம் நான்கு தொகுதிகள் எழுதினார். 1924இல் தொடங்கி 1934 வரை வெளிவந்தன. அவை வெளிவருவதற்கு முன்பு அரசியல் வழக்கு, சிறை எல்லாம் உண்டு. மனிதர் விடவில்லை!

1903இல் திறந்த செகெட் யூதத் தொழுகைக்கூடத்தின் படம் கிடைத்தால் பாருங்கள். வண்ணக் கண்ணாடியிலும் சுவரிலும் பூவும் இலையுமாக இருக்கும். சும்மா அழகுக்கு வரைந்ததில்லை, என்னென்ன வர வேண்டும் என்று யோசனை சொன்னது இவர்தான்.

1944இல், 90 வயதில், யூதர்களை நாடுகடத்தும் ரயிலில் நாஜிகளின் ஆட்கள் அவரையும் ஏற்றினார்கள். புடாபெஸ்டில் இறக்கிவிட்டார்கள். அங்கேயே இறந்துபோனார்.