ஐந்தரை சென்ட் மனையும் ஒரு வாய்க்காலும்

என் அப்பா 2003ஆம் ஆண்டு மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஐந்தரை சென்ட் மனை ஒன்றை வாங்கினார். அதற்கு முந்தைய போகம் வரை அங்கே நெல் விளைந்திருந்தது. நாங்கள் பார்க்கப் போனபோது வரப்புகள் மறைந்து, வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. விற்றவர் கொடுத்த வரைபடத்தில் ஊராட்சித் தலைவரின் முத்திரை இருந்தது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லுக்கு அன்று அவ்வளவு மதிப்பு. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாமல் அந்த முத்திரை மட்டும் செல்லாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்திரம் பதிவாகிவிட்டதால் எல்லாம் முறைப்படியே நடந்ததாக நம்பினோம்.

2011இல் மதுரை மாநகராட்சியின் எல்லை ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது. எங்கள் மனை புதிய எல்லைக்கும் சற்று வெளியே நின்றுவிட்டது; ஆனால் விலை உள்ளே போய்விட்டது. சுற்றிலும் வீடுகள் எழும்பின. நானும் வீடு கட்டலாம் என்று 2017 தொடக்கத்தில் கடனுக்காக வங்கியை அணுகியபோதுதான், மனை அங்கீகாரம் பெறாதது என்று சொல்லி ஆவணங்களைத் திருப்பித் தந்தார்கள். விளைநிலங்கள் மனைகளாக மாறுவதைத் தடுக்கக் கோரிய பொதுநல வழக்கில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்ததால், விற்கலாம் என்றாலும் வழியில்லை. அந்த நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிற்பதே உலகனேரிக் கண்மாய் என்ற ஏரிப் பகுதியில்தான் என்பதை எங்கள் பக்கத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

2017 மே மாதம் அரசு, அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகள் மட்டுமே அதற்குத் தகுதி பெற்றன. நீர்நிலை, புறம்போக்கு, பொதுப்பாதை ஆகியவற்றில் அமைந்தவற்றுக்கு இடமில்லை. மனை ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய் ஆய்வுக் கட்டணம் கட்டி இணையத்தில் விண்ணப்பித்தேன். வேலை முடிந்தது என்று எண்ணியது என் அறியாமை. முதலில் மனைப்பிரிவு முழுமைக்கும் கட்டமைப்பு ஒப்புதல் கிடைக்க வேண்டும். அதன் பிறகுதான் தனி மனையைப் பார்ப்பார்கள். எங்கள் மனைப்பிரிவுக்கு யாரும் விண்ணப்பித்திருக்கவில்லை. விற்றவர் தொழிலை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

ஆகவே நாற்பத்திரண்டு மனைகளின் உரிமையாளர்களைத் தேட வேண்டியதாயிற்று. வில்லங்கச் சான்றிலிருந்து பெயர்களை எடுத்து, கீரைக் கடைக்காரர் முதல் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் வரை முப்பத்தொரு பேரை நான்கு மாதங்களில் ஒரு வாட்ஸ்ஆப் குழுவுக்குள் கொண்டுவந்தேன். பலருக்குத் தங்கள் மனை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே நினைவில்லை. வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சை வண்ணம் தீட்டியிருந்த பகுதி, 2008இல் மூன்று மனைகளாக விற்கப்பட்டிருந்ததும் அந்தச் சான்றில்தான் தெரிந்தது. அவற்றை வாங்கிய மூவரும் எங்களைப் போலவே ஏமாந்தவர்கள் என்பதால், குழுவில் கோபத்தை யார் மீது காட்டுவது என்று எவருக்கும் விளங்கவில்லை.

பட்டாதான் அதிகம் அலைக்கழித்தது. பத்திரம் எங்கள் பெயரில் இருந்தாலும், வருவாய்க் கணக்கில் நிலம் பழைய விவசாயியின் பெயரிலேயே நஞ்சையாகக் கிடந்தது. உட்பிரிவு செய்ய சர்வேயர் வர வேண்டும். அவர் வருவதாகச் சொன்ன நாட்களில் மூன்று முறை விடுப்பெடுத்துக் காத்திருந்து திரும்பினேன். இதே வேலையில் இறங்குபவர்களுக்கு என் ஆலோசனை, விண்ணப்பத்துக்கு முன்பே தாய்ப்பத்திரம் (நிலத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்), வில்லங்கச் சான்று, புலப்பட (சர்வே எண்வாரியான நில அளவை வரைபடம்) நகல் மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதே. எங்கள் பத்திரத்தில் நான்கெல்லை சரியாக இருந்தும் சர்வே உட்பிரிவு எண் ஒரு எழுத்து மாறியிருந்ததால், பிழைதிருத்தல் பத்திரம் பதிவு செய்வதற்கு மட்டும் இரண்டு மாதங்கள் போயின.

இடத்தை ஆய்வு செய்ய அலுவலர்கள் வந்த நாளில்தான், இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்று என் கண்ணில் பட்டது. புலப்படத்தில் தனி சர்வே எண்ணோடு காட்டப்பட்டிருந்த புறம்போக்கு வாய்க்கால் மனைப்பிரிவுக்கு வெளியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, இங்கே நீர்வழி எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். அலுவலர்கள் கிளம்பியதும், எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருந்த ஒரு பெரியவர் என்னை அழைத்தார். அவர் அந்த ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சியாக, அதாவது மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுபவராக இருந்தவர். எங்கள் மனையின் வடக்கு ஓரத்தில் கோரை முளைத்துக் கிடந்த ஒரு பள்ளத்தைக் காட்டி, "தம்பி, இது சர்க்கார் படத்துல இருக்காது. நாங்களா வெட்டிக்கிட்டது. மடையைத் திறந்தா தண்ணி இப்படித்தான் வரும்" என்றார்.

அந்தக் கண்மாயின் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) விவசாயிகள் தங்கள் பட்டா நிலங்களுக்குள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வெட்டிய கிளை வாய்க்கால் அது. அதற்கெனத் தனி சர்வே எண் கிடையாது. ஆகவே எந்தத் தடையின்மைச் சான்றும் அதைப் பற்றிப் பேசாது. மனைப்பிரிவுக்குக் கீழே இன்னும் நான்கு ஏக்கரில் நெல் நடுகிறார்கள் என்பதையும் அவர்தான் காட்டினார். பதினைந்து ஆண்டுகளாக அந்த மனைக்கு வந்துபோகும் நான், கிழக்கே இருந்த அந்த வயல்களை ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை.

விதிப்படி அந்தப் பள்ளத்தை நான் மூடியிருக்கலாம். பக்கத்து மனைக்காரர் ஏற்கெனவே மூடிச் சுற்றுச்சுவரும் எழுப்பியிருந்தார். வீட்டைச் சுற்றி எப்படியும் காலியிடம் விட வேண்டும் என்பதால், வடக்குப் பக்கத்துக் காலியிடத்தை இரண்டடி கூட்டி, அதில் பள்ளத்தைக் கல் பதித்து அப்படியே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். நாற்பதடி அகல மனையில் இரண்டடி போனால் ஒரு அறை சுருங்கும் என்று பொறியாளர் தடுத்தார்; அறையும் சுருங்கத்தான் செய்தது. இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. வேறு போக்கில்லாத தண்ணீர் நம் அடித்தளத்துக்குள்தான் இறங்கும் என்பதே என் கணக்கு.

கட்டமைப்பு ஒப்புதல் வர பதினான்கு மாதங்களும், பரப்புக்கேற்ற கட்டணங்களைச் செலுத்தித் தனி மனைக்கான ஆணை கைக்கு வர மேலும் ஐந்து மாதங்களும் ஆயின. கட்டட அனுமதி அதன் பிறகு எளிதாகவே கிடைத்தது. பட்டாவில் நிலம் இன்னமும் நஞ்சை என்றே இருக்கிறது. அதை மாற்ற எனக்கு அவசரமும் இல்லை.

குடிவந்த ஆண்டின் ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கள் வடக்கு ஓரமாக ஓடிவந்து, பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் முட்டி, தெருவில் முழங்கால் அளவுக்கு மூன்று நாட்கள் நின்றது. கீழ் வயல்காரர்கள் மண்வெட்டியோடு வந்து தெருவை வெட்டுவோம் என்றார்கள். பேச்சு முற்றிப் பின் தணிந்து, ஆறு வீட்டார் பணம் போட்டு, சுவரை ஒட்டித் தெருவின் அடியில் ஒன்றரை அடி விட்டமுள்ள சிமெண்டுக் குழாய் பதித்தோம். சுவர் கட்டிய பக்கத்து வீட்டுக்காரரும் தன் பங்கைக் கொடுத்தார். அடைப்பு எடுக்கும் வேலையை ஆண்டுக்கு ஒரு வீடாகப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். இவ்வாண்டு எங்கள் முறை.