மரம் நின்ற குழி

தூத்துக்குடிப் பக்கத்து மணப்பாட்டுக்காரர்களுக்கு, இயேசுவை அறைந்த சிலுவை மரம் தூரத்துப் பொருள் அல்ல. கடலோரத்து மணல்மேட்டின் உச்சியில், 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தில் அதன் ஒரு சிறு துண்டு இருக்கிறது. பெரியவர்கள் அதை அருளிக்கம் என்பார்கள். செப்டம்பர் 14 திருநாளில் அதை முத்தமிட வரிசை நிற்கும். என் அம்மாவின் ஊர் அது. சிறு வயதில் நானும் முத்தமிட்டிருக்கிறேன். உதட்டில் பட்டது கண்ணாடிதான், உப்புக் கரித்தது. கடற்காற்றின் உப்பா, எனக்கு முன்னால் போனவர்களின் வியர்வையா என்று இன்றுவரை தெரியாது.

அந்த மேட்டுக்கு இன்னொரு மரக் கதையும் உண்டு. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று அங்கே கரை ஒதுங்கியதாகவும், உயிர் பிழைத்த தலைவன் ஒடிந்த பாய்மரத்தையே சிலுவையாக்கி மேட்டில் நட்டதாகவும் சொல்வார்கள். 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே, எருசலேம் போகிறோம் என்றதும் சித்தி கேட்ட முதல் கேள்வி எனக்கு வியப்பாக இல்லை: "மிச்ச மரம் அங்கேதானே இருக்கும்?"

"இல்லை சித்தி. 1187இல் போரில் போய்விட்டது" என்றேன்.

"அப்படியானால் அங்கே போய் எதை முத்தமிடுவது?"

யோர்தானிலிருந்து எருசலேமுக்கு ஏறும் சாலையில் பஸ் திணறிக்கொண்டிருந்தபோது, கூட வந்த சாமி விவிலியத்தின் விடுதலைப் பயண நூலிலிருந்து எரியும் முட்செடியின் பகுதியை வாசித்தார். மிதியடியைக் கழற்று, நீ நிற்கும் இடம் புனிதமானது என்று மோசேக்குச் சொல்லப்படுகிறது. அந்த இடம் ஆடு மேய்க்கும் காட்டு நிலம். முந்தின நாள்வரை யாரும் அங்கே செருப்பைக் கழற்றியிருக்க மாட்டார்கள். யாக்கோபும் அப்படித்தான். கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்த பிறகுதான், கடவுள் இங்கே இருந்தது தெரியாமல் போயிற்றே என்று நடுங்குகிறான். மண்ணின் நிறத்திலும் குணத்திலும் புனிதம் கிடையாது. யாரோ வந்து நின்றதால் ஒட்டிக்கொண்டது அது.

ஒட்டிக்கொண்டதைச் சுமந்து போக முடியுமா? நாமான் முடியும் என்று நம்பினான். சிரியாவின் படைத்தலைவனான அவன் குட்டநோய் நீங்கியதும் இறைவாக்கினர் எலிசாவிடம் கேட்டது பொன்னோ மருந்தோ அல்ல; இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு மண். தன் நாட்டில் அதன்மேல் நின்று இஸ்ரயேலின் கடவுளைத் தொழ வேண்டுமாம். எலிசா அதற்குத் தடை சொல்லவில்லை, சமாதானமாய்ப் போ என்றார். நான் இறையியல் படித்ததில்லை. ஆனால் அந்தப் பதில் எனக்குப் பிடிக்கும்.

மறுநாள் இருட்டிலேயே திருக்கல்லறை ஆலயத்துக்குப் போய்விட்டோம். ஆறு திருச்சபைகள் பங்கு போட்டிருக்கும் அந்தக் கோவிலின் சாவி தலைமுறை தலைமுறையாக இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில் இருக்கிறது. பங்காளிச் சண்டை நடக்கும் வீட்டில் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது நமக்குத் தெரியாத ஏற்பாடா என்ன?

நுழைந்ததும் வலப்புறம், இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரிக்கு ஏறும் செங்குத்தான படிகள். சித்தியின் முழங்கால் ஒவ்வொரு படியிலும் முனகியது. மேலே கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பலிபீடம். அதன் அடியில் வெள்ளித் தகடு பதித்த ஒரு துளை. குருசு நாட்டப்பட்ட இடம் அது. மண்டியிட்டுத் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தால்தான் கையை விட்டுக் கீழே உள்ள பாறையைத் தொடலாம். சித்தி வெகுநேரம் வெளியே வரவில்லை. பின்னால் நின்ற ருசியப் பெண்மணி பொறுமையாகக் காத்திருந்தார். வெளியே வந்த சித்தியிடம் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டேன். "குளிர்ந்து கிடக்கிறது" என்றார், அவ்வளவுதான்.

கல்வாரிக்கு நேர் கீழே ஆதாமின் சிற்றாலயம். பிளவுபட்ட பாறையைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டுகிறார்கள். ஆதாம் அங்கே புதைக்கப்பட்டதாகவும், பிளவு வழியாக இறங்கிய இரத்தம் அவன் மண்டையோட்டை நனைத்ததாகவும் மரபு. எபிரேயத்தில் ஆதாம் என்ற பெயரே மண் என்ற சொல்லோடு உறவுள்ளது. ஆதாமின் வாயில் மகன் சேத்து வைத்த விதை முளைத்து மரமானது, அந்த மரமே சிலுவையானது என்று இடைக்காலக் கிறிஸ்தவர்கள் கதை வளர்த்தார்கள். வரலாறு என்று யாரும் அதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மண்ணையும் மரத்தையும் முடிச்சுப் போட்ட அந்தக் கற்பனைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகு எலேனம்மாளின் குகைக்கு இறங்கினோம். வழியில் சுவரெங்கும் விரல் நீளச் சிலுவைகள், நூற்றுக்கணக்கில், ஒரே கை செதுக்கியது போன்ற ஒழுங்கில். அர்மேனியரின் சிற்றாலயத்தைத் தாண்டி இன்னும் ஆழமாக இறங்கினால், ஈரம் கசியும் பழைய கல் குவாரி ஒன்று. கான்ஸ்தந்தீன் பேரரசரின் தாய் எலேனா 326 வாக்கில், எண்பதை நெருங்கும் வயதில் வந்து இங்கேதான் சிலுவையைக் கண்டெடுத்தார் என்பது மரபு. அதே காலத்தில் வாழ்ந்த செசரியா ஆயர் யூசேபியு, எலேனாவின் பயணத்தை விரிவாக எழுதுகிறார். மரம் கிடைத்ததைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அடுத்த தலைமுறையில் எருசலேம் ஆயர் சிரில், அந்த மரத்தின் துண்டுகள் ஏற்கெனவே உலகெங்கும் பரவிவிட்டன என்கிறார். இரண்டு பேருக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைக் குகை சொல்லாது.

380களில் இங்கே வந்த எஜேரியா என்ற பெண் எழுதிவைத்திருக்கும் காட்சி எனக்கு மிகவும் நெருக்கமானது. பெரிய வெள்ளியன்று ஆயர் மரத்தின் இரு முனைகளையும் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். சுற்றிலும் திருத்தொண்டர்கள் காவல் நிற்பார்கள். மக்கள் நெற்றியாலும் கண்களாலும் தொட்டு, முத்தமிட்டு நகர வேண்டும், கை படக்கூடாது. காரணம், முன்பு ஒருவர் முத்தமிடுவது போலக் குனிந்து ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்! சித்தியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றார்.

614இல் பாரசீகர்கள் மரத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். 630இல் ஹெராக்ளியஸ் பேரரசர் திரும்பக் கொண்டுவந்தார். 1187இல் ஹத்தீன் போர்க்களத்துக்கு சிலுவைப்போர் வீரர்கள் அதைத் தூக்கிப் போய் சலாவுதீனிடம் இழந்தார்கள். படைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போவதற்கா அந்த மரம் என்று எனக்கு இன்றும் எரிச்சல் வரும். எஞ்சியவை முன்பே ஊர் ஊராகப் போன துண்டுகள். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு கப்பலே நிறையும் என்று சீர்திருத்தச் சபைத் தலைவர் கால்வின் கேலி செய்தார். 1870இல் ரோகோ தெ ஃப்ளோரி என்ற பிரெஞ்சுக்காரர், தெரிந்த துண்டுகளை உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தார். ஒரு சிலுவைக்கே போதவில்லை.

அந்தக் குகையில்தான் ஒன்று உறைத்தது. 335 செப்டம்பர் 13இல் கான்ஸ்தந்தீனின் கோவில் இங்கே அர்ச்சிக்கப்பட்டது. மறுநாள் மரத்தை மக்களுக்கு உயர்த்திக் காட்டினார்கள் என்பது மரபு. எங்கள் மணப்பாட்டுத் திருநாளின் தேதி அது! அம்மா புதுச் சேலை எடுத்த அத்தனை செப்டம்பர் 14களும் இந்தக் கட்டடத்தின் நாள்காட்டியிலிருந்து வந்தவை.

கடைசி நாள் பிற்பகல் ஓய்வு. மற்றவர்கள் ஒலிவ மரச் சிலுவைகளுக்குப் பேரம் பேசக் கடைத்தெருவுக்குப் போனார்கள். நானும் சித்தியும் டாக்ஸி பிடித்து, பயணத் திட்டத்தில் இல்லாத சிலுவை மடத்துக்குப் போனோம். நகரின் மேற்கே, அருங்காட்சியகத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கீழே உள்ள பள்ளத்தாக்கில், கோட்டை போல நிற்கிறது. ஜார்ஜியத் துறவிகள் 11ஆம் நூற்றாண்டில் கட்டியது. இப்போது கிரேக்கத் திருச்சபையின் வசம் இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும்.

இங்குள்ள மரபு வேறு. பாவம் செய்து மனம் நொந்த லோத்து என்ற விவிலியக் கிழவன், பைன், கேதுரு, சைப்ரஸ் என்ற மூன்று கோல்களை இங்கே நட்டு, யோர்தானிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றினானாம். மூன்றும் ஒன்றாகிச் சிலுவைக்கான மரமாயிற்று. யோர்தான் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய நானூறு மீட்டர் கீழே ஓடுகிறது. பஸ்ஸில் ஏறியதற்கே எங்களுக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்த ஏற்றத்தில் குடத்தைச் சுமந்த கிழவனைச் சுவரோவியத்தில் பார்த்தேன்.

பலிபீடத்துக்குப் பின்னால், மரம் நின்ற இடம் என்று தரையில் ஒரு வட்டத் திறப்பு. சித்தி எட்டிப் பார்த்தார்.

"இங்கேயும் குழிதானா? கல்லறை காலி, குருசு நின்ற இடம் குழி, மரம் எடுத்த இடம் பள்ளம், மரம் முளைத்த இடமும் குழி."

எனக்குப் பதில் வரவில்லை. இந்த மலையிலும் எருசலேமிலும் மட்டும் தொழுதுகொண்டிருக்கும் காலம் போய்விடும் என்று சமாரியப் பெண்ணிடம் சொன்ன இயேசுவின் ஊருக்குத்தான் கடன் வாங்கி வந்திருந்தேன். ஆனாலும் ஆளுநரின் பெயர் சொல்லி, பிலாத்துவின் காலத்தில் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் விசுவாசம் எங்களுடையது. நடந்த இடம் என்று ஒன்று இருந்தே தீர வேண்டும், அது வெறும் குழியாகவே இருந்தாலும்.

வெளியே ஒலிவ மரங்களின் நிழலில் சித்தி குனிந்து ஒரு பிடி செம்மண் எடுத்து, கைக்குட்டையில் முடிந்துகொண்டார். நாமானின் இரண்டு கழுதைப் பொதியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

ஊர் வந்த மறுநாள் அந்த முடிச்சோடு மணப்பாட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். கடலுக்குப் போய் வந்தே வாழ்நாளைக் கழித்த சித்தப்பா அங்கே இருக்கிறார். வெளிறிய மணலின்மேல் அந்தச் செம்மண் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது, காற்று அதை மணலோடு கலந்துவிட்டிருந்தது.