முட்டைக்கோழிக்கு முருங்கைக்கீரை எவ்வளவு போடலாம்?

கடலூர்ப் பக்கம் பத்து இருபது கோழி வைத்திருக்கும் வீடுகளில் கம்பும் அரிசி நொய்யும்தான் முக்கியத் தீனி. முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு வெளுத்துக் கிடக்கும். கம்பிலும் நொய்யிலும் நிறமி சொற்பம். மஞ்சள் மக்காச்சோளத்தில் ஓரளவு உண்டு, கீரையில் அதைவிடப் பல மடங்கு உண்டு. கோழி அந்த நிறமியைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. தின்றதுதான் கருவில் படியும்.

முருங்கை இலையை உருவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் இலை பழுத்து நிறமியும் போய்விடும். கசக்கினால் மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும். நாலைந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ பொடி தேறும். 10 கிலோ தீவனத்துக்கு 300 கிராம் போதும், 500-ஐத் தாண்டாதீர்கள். தாண்டினால் நார் கூடி, தீவனத்தின் எரிசக்தி குறைந்து, முட்டை எண்ணிக்கை இறங்கும். கீரைதானே என்று அள்ளிப் போடுவதுதான் நிறையப் பேர் செய்யும் தப்பு.

பொடியை முதலில் ஒரு கிலோ தீவனத்தில் பிசிறிவிட்டு, பிறகு மொத்தத்தோடு கலக்க வேண்டும். அப்படியே கொட்டினால் கோழி தானியத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு, பொடியைத் தொட்டியின் அடியில் விட்டுவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அன்று காலையே தீர்ந்துவிட வேண்டும், மதியத்துக்குள் புளித்துப்போகும்.

இரண்டாம் நாளே கருவை உடைத்துப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். கரு படலம் படலமாகத் திரளப் பத்து நாள் பிடிக்கும்.

நிறம் ஏறினால் லூட்டீன் என்ற மஞ்சள் நிறமி ஏறியிருக்கிறது, அது கண்ணுக்கு நல்லது. ஆனால் புரதம் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. முட்டையின் புரதம் தீவனத்தால் பெரிதாக மாறாது. மாறுவது கொழுப்பின் வகை. ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு வேண்டுமென்றால் கீரை போதாது, ஆளி விதைதான் வேண்டும். 10 கிலோவுக்கு 500 கிராம், அன்றன்று பொடித்தது. அரைத்து வைத்தால் எண்ணெய் சிக்கு நாற்றம் அடிக்கும். ஒரு கிலோவுக்கு மேல் போனால் முட்டையே மீன் கவிச்சி அடிக்கும்.

முருங்கை இல்லையென்று அகத்தியைப் பறித்துப் போடாதீர்கள். ஆட்டுக்கு அது அருமையான தழை, கோழிக்குஞ்சுக்கு விஷம். சவுண்டல் (சூபாபுல்) இலை கருவை நன்றாக மஞ்சளாக்கும், ஆனால் அதிலுள்ள மிமோசின் என்ற நஞ்சு முட்டையைக் குறைத்துவிடும்.

முட்டை ஓட்டுக்குக் கிளிஞ்சலை அரை உளுந்து அளவுக்கு உடைத்துத் தனிக் கிண்ணத்தில் சாயங்காலம் வையுங்கள். ஓடு கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில்தான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை காயாது. புரட்டாசிக்குள் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். கட்டி பிடித்த பொடியும், பூசணம் பிடித்த கடலைப்பிண்ணாக்கும் கோழிக்கு வேண்டாம். அந்தப் பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். காயவைத்தாலும் வேகவைத்தாலும் போகாது. குழியில் கொட்டி மூடிவிடுங்கள்.