ஜி.பி. பயிற்சியில் இருப்பவருக்காகப் பேசப் போனபோது

பயிற்சி மருத்துவர்களின் பிரதிநிதி என்றால் கூட்டங்களில் கொள்கை பேச வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் பெயர் கொடுத்தேன். வந்து சேர்ந்தவை பெரும்பாலும் கால அட்டவணைத் தகராறுகள். இங்கிலாந்தில் ஜி.பி., அதாவது குடும்ப மருத்துவர் ஆவதற்கான பயிற்சி மூன்று வருடம். அதில் கடைசி வருடம் முழுக்க ஜி.பி. சர்ஜரியில்தான் (குடும்ப மருத்துவர்களின் கிளினிக்கை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). சிக்கல் எல்லாம் அங்கேதான் முளைக்கும்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ஆனா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றுதான் கடைசி வருடத்தில் இருந்த ஒரு பயிற்சியாளர் ஆரம்பித்தார். காலை எட்டரைக்குப் போனால் வீடு திரும்ப இரவாகிறது. வாரம் ஒரு டியூட்டோரியல், அதாவது மூத்தவர் உட்கார்ந்து சொல்லித்தரும் நேரம் என்று தாளில் இருக்கிறது. சர்ஜரியில் யாராவது லீவு போட்டால் அந்த நேரத்திலும் நோயாளிகளை இவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். "எல்லா இடத்துலயும் இப்படித்தானே?" என்றார்.

இல்லை. பயிற்சி மருத்துவர்களுக்கான 2016 ஒப்பந்தப்படி, முழுநேரப் பயிற்சியாளருக்கு சர்ஜரியில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதில் 28 மருத்துவப் பணி, 12 கல்வி. நான்கு மணி நேரத்தை ஒரு செஷனாக வைத்து ஏழும் மூன்றும் என்று சொல்வார்கள். பலர் கவனிக்காதது, ரத்தப் பரிசோதனை முடிவு பார்ப்பது, கடிதங்கள், வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்ப்பது, கிளினிக் முடிந்து மூத்தவரிடம் பேசும் டிபிரீஃப் எல்லாமே அந்த 28க்குள்தான் வரும் என்பதை. இவர் நோயாளி எதிரில் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் எண்ணி வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் உள்நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் சில வாரங்களுக்குக் குறித்துவரச் சொன்னேன். கூட்டிப் பார்த்ததும் அவரே வாயடைத்துப் போனார்.

அப்புறம்தான் உண்மையான பயம் வெளியே வந்தது. "பிரச்சினை பண்ணினா விசாவுல கை வச்சிடுவாங்களா?" வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சியாளர்களில் நிறையப் பேர் வாயைத் திறக்காததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இங்கிலாந்தில் பயிற்சி மருத்துவரின் விசாவுக்கு ஸ்பான்சர் அரசு சுகாதார சேவையின் தலைமை அமைப்பான என்.எச்.எஸ். இங்கிலாந்து. சம்பளம் போடுவது பெரும்பாலும் ஒரு மருத்துவமனை டிரஸ்ட். சர்ஜரியின் கையில் இரண்டுமே இல்லை. இதைச் சொன்னபோதுதான் அவர் குரல் மாறியது.

ஆனால் பயமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வருடா வருடம் நடக்கும் ஏ.ஆர்.சி.பி. மதிப்பீட்டுக்குப் போகும் அறிக்கையை எழுதுவது கல்வி மேற்பார்வையாளர். அவர் அதே சர்ஜரியில் இருப்பவர். அவரைப் பகைத்துக்கொண்டால் நஷ்டம் நம் பக்கம்தான். அதனால் முதல் பேச்சில் குற்றச்சாட்டே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். நோயாளியிடம் பேசிப் பார்க்கும் திறனைச் சோதிக்கும் எஸ்.சி.ஏ. தேர்வு வருகிறது. நேரில் இல்லாமல் ஆன்லைனில் 12 கேஸ், ஒவ்வொன்றும் 12 நிமிடம். அதற்குப் பழக வேண்டும், டியூட்டோரியலை எந்த நாளில் நிலையாக வைக்கலாம் என்று கேட்கச் சொன்னேன். மேற்பார்வையாளர் நல்ல மனுஷி. அட்டவணை போடுவது பிராக்டிஸ் மேனேஜர் என்பதால் அவர் அதைப் பார்த்ததே இல்லையாம். சரி செய்துவிடலாம் என்றார். சில வாரம் காத்திருந்தோம், எதுவும் மாறவில்லை.

அடுத்தது எக்ஸெப்ஷன் ரிப்போர்ட், அதாவது அட்டவணையை மீறி வேலை நடந்தது என்று பயிற்சியாளர் பதிவு செய்யும் அறிக்கை. அப்போதைய விதிப்படி, கூடுதல் வேலை நடந்த 14 நாளுக்குள் போட வேண்டும். பணம் கேட்பதாக இருந்தால் 7 நாள். அது போய் நின்றதும் அதே மேற்பார்வையாளரிடம். யாருக்குத்தான் கை வரும்? 2025இல் ஒப்புக்கொள்ளப்பட்ட மாற்றத்தில், கூடுதல் நேரத்துக்கான ரிப்போர்ட் மனிதவளப் பிரிவுக்குப் போகும் என்று ஆக்கினார்கள். என்னைக் கேட்டால், சம்பள உயர்வைவிட இதுதான் பெரிய வெற்றி. எழுதும்போது அவருக்கு நான் சொன்னது ஒன்றுதான்: தேதி, நேரம், என்ன வேலை. பெயரடை ஒன்றுகூட வேண்டாம்.

ரிப்போர்ட்டுகள் சேர்ந்த பிறகு, பாதுகாப்பான பணிநேரத்தைக் கண்காணிக்கும் கார்டியன் கண்ணில் அது பட்டது. வொர்க் ஷெட்யூலை மறுபரிசீலனை செய்ய ஒரு சந்திப்பு வைத்தார்கள். துணைக்கு நானும் போனேன். பெரும்பாலும் அவரையே பேசவிட்டேன். "இங்கே எல்லாருமே லேட்டாகத்தான் போகிறோம்" என்று மேனேஜர் சொன்னபோது மட்டும் வாய் திறந்தேன். பார்ட்னர்கள் சர்ஜரியை நடத்துபவர்கள், அவர்கள் நேரம் அவர்கள் பாடு. இவர் கற்றுக்கொள்ள வந்தவர், ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட வந்தவர் அல்ல. கோபப்படாமல் சொன்னேன் என்றுதான் நம்புகிறேன்.

கிடைத்தது என்ன? டியூட்டோரியல் நேரம் அப்பாயின்ட்மென்ட் புத்தகத்திலேயே பூட்டப்பட்டது. ரிசப்ஷனிலிருந்து யாரும் அதில் நோயாளியைப் போட முடியாது. கூடுதல் மணி நேரத்தில் ஒரு பகுதி விடுப்பாக வந்தது. மீதி போனது போனதுதான்.

இந்த டியூட்டோரியலுக்கு நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டினேன் என்றால், தேர்வில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கும் இங்கே படித்தவர்களுக்கும் இடையே தேர்ச்சி விகித இடைவெளி பழைய கதை. அதற்காக இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கமான பாப்பியோ நீதிமன்றம் போனது. 2014இல், அப்போதிருந்த தேர்வு சட்டப்படி சரியே என்று தீர்ப்பு வந்தது. தேர்வைப் பற்றி அவ்வளவு பேசினார்கள். தேர்வுக்கு முந்தைய ஒரு வருடத்தில் யாருடைய டியூட்டோரியல் காணாமல் போனது என்று கேட்டவர்கள் குறைவு. அதிகம் தேவைப்படுபவர்தான் கேட்கத் தயங்குகிறார்.

அடுத்து வந்தவர் குழந்தை பிறந்தபின் 60 சதவீத நேரம் வேலை பார்ப்பவர். கணக்குப்படி அவருக்கு 28 மணி நேரம் 16.8 ஆகவும், 12 மணி நேரம் 7.2 ஆகவும் குறைய வேண்டும். அவர் காட்டிய அட்டவணையில் கல்வி நேரம் மட்டும்தான் குறைந்திருந்தது. அதே தாளை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தோம்.